உங்களுக்குத் தெரியுமா? - எதுகைக்கு எதுகை!

ஏறக்குறைய 300 அடி. எல்லாவற்றுக்கும் ஒரே எதுகை! அடிக்கு அடி இரண்டாம் எழுத்து 'ன்'. முதல் அடியில் பிடித்ததைக் கடைசி அடி வரை விடவே இல்லை. பாட்டின் பெயர் பெரிய திருமடல். பாடியவர் திருமங்கையாழ்வார். அந்த நீண்ட வரிசைக்கு நடுவே ஓர் அடியில் ஜம்மென்று இடம் பிடித்திருக்கிறது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர், திருப்புட்குழி!

இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை. முதல் எழுத்து ஒத்தால் மோனை. கடைசியில் ஒத்தால் இயைபு. பாடம் முடிந்தது. இனி ஆச்சரியம் மட்டும்தான்!

அதே ஆழ்வாரின் சிறிய திருமடல் இருக்கிறதே, அது மட்டும் சும்மாவா? 150 அடிக்கு மேல். அத்தனைக்கும் ரகர எதுகை! சினிமாவில் நாலு வரிக்கு எதுகை தேடி நாலு நாள் மெரினாவில் நடப்பவர்கள் கவனிக்க.

திருப்புட்குழியை ஆழ்வார் இன்னொரு முறையும் பாடியிருக்கிறார். பெரிய திருமொழியில். அங்கேயும் எதுகை இடத்தில் புட்குழியை வைக்கவில்லை. நடு அடியில் நுழைத்து, சுற்றிலும் பகர மோனையை நிறுத்திவிட்டார். அடுத்தடுத்து ஐந்து சீர், ஐந்தும் ப வரிசை! எதுகையில் அகப்படாத சொல்லை மோனையில் மடக்கும் வித்தை, ஆயிரம் வருடத்துக்கு முன்பே!

'புட்குழி'க்கு எதுகை உண்டா? உண்டு! முதல் எழுத்து குறில். இரண்டாவது 'ட்'. அதே அளவில் தேடுங்கள். நட்பு வரும். கட்டு வரும். மொட்டு வரும். சிட்டு வரும். பட்டு வரும்! ஆமாம், காஞ்சிப் பட்டேதான். தறி ஓடுகிற மண்ணில் ஊர்ப்பெயருக்கே பட்டுதான் எதுகை!

ஊர்ப்பெயரை 'திரு' சேர்த்து மரியாதையாகச் சொன்னால் இன்னும் சுலபம். திருப்பு என்று தொடங்குகிறதல்லவா? விருப்பு, நெருப்பு, கருப்பு, பருப்பு... வண்டி வண்டியாகக் கிடைக்கும்!

பருப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் வறுத்த பயறு முளைக்கும் என்பது நம்பிக்கை! குழந்தை வரம் கேட்டு வரும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவில் உறங்குவார்கள். காலையில் முளை விட்டிருந்தால் வரம் உறுதி. தாயார் பெயர் மரகதவல்லி. திருமடலில் ஆழ்வார் புட்குழிக்கு முன்னால் வைத்த சொல் எது தெரியுமா? மரகதம்!

இன்னொரு சேதி. ராமானுஜர் இளம் வயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இந்தத் திருப்புட்குழியில்தான். பிற்பாடு அவர்மேல் ஒரு நூல் எழுந்தது. இராமானுச நூற்றந்தாதி. பாடியவர் திருவரங்கத்தமுதனார். 108 பாட்டு. அத்தனை பாட்டிலும் 'இராமானுசன்' என்ற பெயர் இருந்தே ஆக வேண்டும். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாகவும் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு யாப்பு கட்டளைக் கலித்துறை. நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. புள்ளி வைத்த எழுத்து கணக்கில் சேராது. எழுத்தை எண்ணி, எதுகை பார்த்து, பெயரையும் நுழைத்து... 108 முறை!

காஞ்சிபுரத்துக்குள்ளே போவோம். குமரகோட்டம். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடிய இடம். பத்தாயிரம் பாட்டுக்கு மேல்! அத்தனையும் அரங்கேற வேண்டிய நாளில் முதல் சொல்லிலேயே வண்டி நின்றுவிட்டதாம்!

அந்தச் சொல், 'திகட'. திகழ், தசம் என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து 'திகடச' என்று புணர்த்தியிருந்தார். சபையில் ஒரு புலவர் எழுந்தார். "ழகர ஒற்றும் தகரமும் சேர்ந்தால் டகரம் ஆகும் என்று எந்த இலக்கணத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். அந்த முதல் அடியை எடுத்துக் கொடுத்ததே முருகன்தான் என்பது கதை. முருகனிடமே பிழை கண்ட சபை!

அடுத்தது இன்னும் பிரமாதம். சோழநாட்டுப் புலவர் ஒருவர் வந்தார். கையில் ஓர் இலக்கணச் சுவடி. விதியை எடுத்துக் காட்டினார். போய்விட்டார். வந்தவன் முருகன் என்கிறார்கள். கொண்டுவந்த நூல் வீரசோழியம். அதை எழுதியவர் புத்தமித்திரர். பௌத்தர்! முருகனுக்காக முருகனே எடுத்துக் காட்டியது ஒரு பௌத்தரின் இலக்கணம்!

சரி, எதற்கு இவ்வளவு வம்பு? எதுகைக்காக! அந்தப் பாட்டில் அடி தொடங்கும் இடத்தைப் பாருங்கள். திகட, சகட, அகட, விகட. இரண்டாம் எழுத்து மட்டும் ஒத்தால் போதும் என்றால் 'திகழ்' என்றே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ககரம் எப்படியும் ஒத்துவிடும். முதல் எழுத்து ஒன்றைத் தவிரச் சீர் முழுக்க ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் திகட என்றுதான் திருப்ப வேண்டும். இதற்குத் தலையாகு எதுகை என்று பெயர். என்னைக் கேட்டால், தமிழில் ஓர் எதுகைக்குக் கொடுத்த மிகப் பெரிய விலை இதுதான்!

விகடசக்கர விநாயகர் இன்றும் ஏகாம்பரநாதர் கோயிலில் இருக்கிறார். நேரில் போய்ப் பார்க்கக்கூடிய எதுகை!

எதுகைக்கென்றே ஓர் அகராதி. 1732-லேயே! வீரமாமுனிவரின் சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. நான்காவது தொடையகராதி. எந்தச் சொல்லுக்கு எது எதுகையாகும் என்று புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தொகுத்தவர் யார்? இத்தாலிக்காரர்! ஆங்கிலத்தில் பேர்பெற்ற ஜான் வாக்கரின் ரைம் அகராதி வந்தது 1775-ல். நமக்கு 43 வருடம் பின்னால்!

இத்தாலிக்காரர் சும்மா தொகுத்துக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தேம்பாவணி என்று ஒரு காப்பியமும் பாடினார். 3,615 பாட்டு! அத்தனைக்கும் எதுகை!

இந்த அகராதிக்கும் முந்தி என்ன செய்தார்கள்? மனப்பாடம்! மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் 11-ஆம் தொகுதியையே எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ககர எதுகை, ஙகர எதுகை என்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் அதை ஒப்பித்து முடித்தால் அவன் தலையே ரைம் அகராதி!

இப்போது சினிமாக்காரர்கள் பக்கம் வருவோம். 'காதல்' என்ற சொல்லுக்கு எதுகை என்னென்ன? மோதல், வேதனை, சோதனை, போதை, பேதை. தமிழ்ப் படங்களின் மொத்தக் கதையும் வந்துவிட்டது பார்த்தீர்களா!

'வாழ்க்கை'க்கு? வீழ்ச்சி, சூழ்ச்சி, தாழ்வு, காழ்ப்பு, தாழ்ப்பாள். தத்துவப் பாட்டெல்லாம் சோகமாக இருப்பதற்குக் கவிஞரைக் குறை சொல்லாதீர்கள். குற்றவாளி 'ழ்'!

தப்பிக்க ஒரு வழி உண்டு. ஆசிடை எதுகை. ய், ர், ல், ழ் என்ற நான்கு ஒற்றில் ஒன்று எதுகை எழுத்துக்கு முன்னால் புகுந்துகொண்டால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்கிறது இலக்கணம். வாழ்க்கையில் 'ழ்'-ஐக் கண்டுகொள்ளாதீர்கள். மிச்சத்துக்கு எதுகை என்ன தெரியுமா? சாக்கு! வேர்க்கடலைக்கு? சாக்கடை! இலக்கணமே அனுமதி கொடுத்த எதுகை. மெட்டுக்குள் வைக்க உங்களுக்குத்தான் துணிச்சல் வேண்டும்!

அப்பாவுக்கு எதுகை சப்பாத்தி. அம்மாவுக்குச் சும்மா. எந்த வீட்டில் அம்மா சும்மா இருக்கிறார்? எதுகைக்கும் உண்மைக்கும் ஏழாம் பொருத்தம்!

மோனையிலும் சலுகை உண்டு. 'ச' கிடைக்கவில்லையா? 'த' போடுங்கள். 'ம'-வுக்கு 'வ' போதும். 'ஞ'-வுக்கு 'ந'. அ, ஆ, ஐ, ஔ நான்கும் ஒரே குடும்பம். சந்தனமும் தாமரையும் மோனை. மல்லிகையும் வண்டும் மோனை. காதில் கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்வீர்கள்!

ஆங்கிலப் பாடலாசிரியர்களை அழவைக்கும் சொல் 'ஆரஞ்ச்'. ஒத்த சொல்லே இல்லை என்பார்கள். தேடித் தேடிக் கடைசியில் வேல்ஸ் நாட்டில் ஒரு மலையைப் பிடித்தார்கள். பெயர் புளோரெஞ்ச். உயரம் 561 மீட்டர்! ஒரு பழத்துக்கு இயைபு தேடி மலையேறிய கதை. தமிழில்? ஆரஞ்சுக்குப் பஞ்சு, நெஞ்சு, நஞ்சு, கொஞ்சு. மூச்சு விடுவதற்குள் நான்கு!

அவர்களுக்கு வெள்ளியைக் குறிக்கும் 'சில்வர்' என்றாலும் திண்டாட்டம்தான். கிடைத்தது 'சில்வர்' போலவே ஒலிக்கும் 'ச்சில்வர்'. பெண் ஆட்டுக்குட்டி என்று பொருள். நமக்கு வெள்ளி, கள்ளி, புள்ளி, பள்ளி, துள்ளி, கிள்ளி, தள்ளி. எதை எடுப்பது என்பதுதான் நம் திண்டாட்டம்!

அப்படியானால் தமிழில் கஷ்டமான சொல்லே கிடையாதா? இருக்கிறது. 'தமிழ்'! கடைசி வரை ஒத்த ஒலி வேண்டுமா? சிமிழ், குமிழ், இமிழ், உமிழ். கிட்டத்தட்ட அவ்வளவுதான். உமிழ் என்றால் துப்பு! மொழி வாழ்த்தில் அதை எங்கே வைப்பது? அதனால்தான் எல்லாரும் அமுதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் எழுத்து மகர வரிசை. தித்திப்புக்குத் தித்திப்பு, எதுகைக்கு எதுகை!

அதைவிடக் கஷ்டம் ஆய்த எழுத்து. அந்த மூன்று புள்ளிக்கு எதுகை தேடினால் தலை சுற்றும். வள்ளுவருக்குச் சுற்றவில்லை! வெஃகாமை என்று ஓர் அதிகாரம். அதில் 175-ஆம் குறளில் அஃகி, வெஃகி. 178-ல் அஃகாமை, வெஃகாமை. பத்துக் குறளுக்குள் ஃ எதுகை இரண்டு தடவை!

ஃபேஸ்புக்குக்கு எதுகை உண்டா என்று ஒரு நண்பர் மடக்கினார். இருக்கிறதே! மேஸ்திரி, வாஸ்து, தோஸ்து, சாஸ்திரம். வாட்ஸ்அப்புக்கு? பாட்டு, கூட்டு, சாட்டை, பூட்டு. குடும்பக் குழுவை வைத்திருப்பவர்களுக்குக் கூட்டும் தெரியும், சாட்டையும் தெரியும்!

செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடிக்க வேண்டும். நடுவில் முருகனைப் புகழ வேண்டும். காளமேகப் புலவருக்கு வைத்த சோதனை! செரு என்றால் போர். போருக்குப் புக்கவர்கள் என்று செருப்பை இரண்டாகப் பிளந்தார். பொருப்பு, மருப்பு என்று எதுகையை நிறுத்தினார். கடைசியில் வண்டைக் கூப்பிட்டு, வழியை விளக்கும் ஆறு சொல் என்று முடித்தார். செருப்பும் இல்லை, விளக்குமாறும் இல்லை. வெண்பா மட்டும் இருக்கிறது!

அருணகிரிநாதர் ஒரு படி மேலே போனார். கந்தரந்தாதி 54-ஆம் பாட்டு. முழுக்க முழுக்கத் தகர வரிசை! வேற்று எழுத்துக்கு வேலையே இல்லை. உரை சொல்ல முடியாமல் தோற்றவர் வில்லிபுத்தூரார் என்கிறது கதை. தோற்ற புலவர்களின் காதை அறுப்பது அவர் வழக்கமாம். அன்று அறுக்கக் காது கிடைக்கவில்லை!

உதடு ஒட்டாமல் ஒரு பாட்டு எழுத முடியுமா? காஞ்சிபுரத்தில் பிறந்த சிவப்பிரகாச சுவாமிகள் ஒரு நூலே எழுதினார்! திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி. ப கிடையாது. ம கிடையாது. வ கிடையாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ எதுவும் கிடையாது. பாடி முடிக்கும் வரை மேலுதடும் கீழுதடும் சந்திக்காது. முருகன் என்று சொல்லவே முடியாது. ஆனால் பாட்டு முருகன்மேல்! அதோடு யமகம் வேறு. நான்கு அடியிலும் அதே எழுத்துகள் திரும்ப வரும், பொருள் மட்டும் மாறும். மற்றவர்கள் ஓர் எழுத்துக்கு எதுகை தேடினால் இவர் எழுத்துக் கூட்டத்துக்கே தேடினார். ஆயுள் 32 ஆண்டுதான் என்பார்கள்!

காஞ்சிக்கு இந்த உதட்டு விளையாட்டு பழசு. பல்லவர் காலத்துத் தண்டி, வடமொழியில் தசகுமார சரிதம் எழுதினார். அதில் ஒருவன் தன் கதையை உதடு ஒட்டும் எழுத்தே இல்லாமல் சொல்லி முடிக்கிறான். அத்தியாயம் முழுக்க! காரணம்? முந்தின இரவு காதலி உதட்டைக் கடித்துவிட்டாள்!

இன்னும் ஒன்று. காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் பாதுகா சகஸ்ரத்தில் 32 எழுத்தில் ஒரு சுலோகம் வைத்தார். அதைப் பாதிச் சதுரங்கப் பலகையில் எழுதிக் குதிரை நகரும் கணக்கில் படித்தால், இன்னொரு சுலோகம் குதித்து வருகிறது! நூலில் மொத்தம் 1,008. ஒரே இரவில் பாடியது என்பது மரபு!

தறிக்காரர் மகன் ஒருவர் மூன்று ககரத்தில் ஒரு கட்சியையே கட்டி நிறுத்தினார். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு. பெயர் அண்ணா. பிறந்தது காஞ்சிபுரம், 1909. மேடைத் தமிழுக்கு மோனையைக் குடிவைத்தவர்!

தறி என்றதும் தறிக்கட்டுச் சொற்களையும் தட்டிப் பார்க்கலாம். தறிக்கு நெறி, பொறி, வெறி, குறி. ஜரிகைக்குச் சிரிப்பு, பரிசு. ஊடைக்கு ஆடை, மேடை, ஓடை, ஜாடை, வாடை! தறியில் குறுக்கே ஓடும் நூலுக்கு இத்தனை எதுகையா? நெசவாளி வீட்டில் பாட்டெழுதப் பிறந்தவனுக்கு அகராதியே வேண்டாம்!

கண்ணதாசன் சங்கதி தனி. வீர அபிமன்யு, 1965. ஒரு பாட்டு முழுக்க 'தேன்'. பலே பாண்டியா, 1962. பாட்டு முழுக்க 'காய்'. அவன்தான் மனிதன், 1975. வரிக்கு வரி 'மே'. பட்டினப் பிரவேசம், 1977. வரிக்கு வரி 'லா'. ஒருவர் நான்கு படத்தில் நான்கு ஓசையைப் பிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டம்! எனக்குப் பிடித்தது 'லா' பாட்டுத்தான். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

காஞ்சிபுரம் கன்னிகாபுரத்தில் பிறந்த ஒருவர் அடுத்தடுத்து இரண்டு தேசிய விருது வாங்கினார். தங்க மீன்கள், சைவம். நா. முத்துக்குமார்! அவர் கவிதைத் தொகுப்பின் பெயர் பட்டாம்பூச்சி விற்பவன். பட்டாம்பூச்சிக்கு எதுகை? புட்குழி!

இயைபுக்கு இப்போது மறுபிறவி. மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006-ல் வல்லவன் ஆல்பம் போட்டார்கள். வரிக் கடைசியில் ஒலி அடித்தது. எதுகை முன்வாசல் என்றால் ராப் பாடகர்கள் பின்வாசல் வழியாக வந்துவிட்டார்கள்!

மொத்தம் எத்தனை வகை என்று எண்ணியும் வைத்திருக்கிறார்கள். மோனை, எதுகை, இயைபு, முரண், அளபெடை ஐந்தையும் அடி, இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என்ற எட்டால் பெருக்கினால் 40. அந்தாதி, இரட்டை, செந்தொடை மூன்றையும் கூட்டினால் 43!

அதில் செந்தொடை என்றால் என்ன? மோனையும் இல்லாமல், எதுகையும் இல்லாமல், எதுவுமே இல்லாமல் எழுதுவது. எதுவும் கிடைக்காமல் விட்டதற்கும் இலக்கணத்தில் ஒரு பெயர்! பாடலாசிரியர்களே, இனி இயக்குநர் கேட்டால் தலை சொறியாதீர்கள். "செந்தொடை சார்" என்று சொல்லுங்கள்!

43 என்பது சின்னக் கணக்கு. தொல்காப்பியத்தின் கணக்கு வேறு. நுட்பமாகப் பிரித்துப் பிரித்து எண்ணினால் தொடை 13,699 என்கிறது ஓர் உரை. இல்லை, 13,708 என்கிறது இன்னோர் உரை. வித்தியாசம் வெறும் 9!